புளித்தண்ணீரில் ஊறிய பிரேக்

சரியாகக் காலை ஒன்பது மணி பதினேழு நிமிடத்துக்கு எங்கள் வீட்டு வாசலில் காரியம் கெடத் தொடங்கியது. நேரம் எனக்கு நன்றாகத் தெரியும். அப்போது நான் கைக்கடிகாரத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். காரை ஜாக்கியில் தூக்கி எத்தனை நிமிடம் ஆகிறது என்று எண்ணிக்கொண்டிருந்தேன். எதற்காக என்று கேட்காதீர்கள். ஜாக்கியில் நிற்கும் காரைக் கண்டால் எனக்கு நிமிடங்களை எண்ணத் தோன்றும்.

என் மகள் பெனிட்டா இடது முன்சக்கரத்தைக் கழற்றிச் சுவரில் சாய்த்திருந்தாள். பிரேக்கைக் கவ்விப் பிடிக்கும் காலிப்பரையும் கழற்றிச் சணல் கயிற்றில் தொங்கவிட்டாயிற்று. மிச்சம் இருந்தது டிஸ்க் மட்டும். தோசைக்கல் அளவுக்கு ஓர் இரும்புத் தட்டு. அவள் பார்த்த வீடியோவில் ஒருவர் அதை ஒற்றைக் கையால் இழுத்து எடுத்தார். எடுக்கும்போது சிரிக்க வேறு செய்தார்.

பெனிட்டா இரண்டு கையாலும் இழுத்தாள். தட்டு அசையவில்லை. கார்தான் லேசாக அசைந்தது. நான் இரண்டடி பின்னால் குதித்தேன்.

"என்னம்மா ஆச்சு?"

"ஒண்ணுல்லப்பா. ஒட்டிக்கிட்டிருக்கு."

"வண்டி ஆடுது பாரு. வுட்டுடு."

"வண்டி விழாதுப்பா. அடியில நீங்க ஆட்டுக்கல்லையே வெச்சிருக்கீங்க."

உண்மைதான். ஜாக்கி நழுவினால் இருக்கட்டும் என்று ஆட்டுக்கல்லை உருட்டி வந்து காருக்கு அடியில் வைத்திருந்தேன். கழற்றிய சக்கரம் உருண்டு ஓடிவிடும் என்று அதையும் படுக்கப் போடச் சொன்னேன். பின்சக்கரங்களுக்கு அண்டை கொடுத்த கல் எங்கள் வீட்டு அஸ்திவாரம் தோண்டும்போது கிடைத்தது. அதில் நான்கைந்து சிப்பிகள் கல்லாகிப் பதிந்திருக்கும். கடல் விலகிப் போய் எத்தனையோ யுகமாகியும் அரியலூரில் எங்கே தோண்டினாலும் சிப்பி வரும். அவ்வளவு காலம் அசையாமல் கிடந்த கல் இன்னும் அரை நாள் அசையாமல் இருக்கும் என்று ஒரு நம்பிக்கை.

பயத்தின் பட்டியல்

மகளின் கால்நடை மருத்துவப் படிப்பைப் பற்றிச் சென்ற வாரம் இந்தப் பத்திரிகையில் எழுதியதைப் படித்துவிட்டு ஒரு வாசகி கேட்டிருந்தார்: "சார், நீங்கள் எதற்குத்தான் பயப்பட மாட்டீர்கள்?"

யோசித்துப் பார்த்தேன். இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

ஆனால் இந்தக் கார் விஷயத்தில் என் பயத்துக்குக் காரணம் இருந்தது. கார் ஜாக்கியில் ஏறிய அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு நான்கு நாள் முன்பு நானும் பெனிட்டாவும் பெரம்பலூர் போய்த் திரும்பிக்கொண்டிருந்தோம். அவள்தான் ஓட்டினாள். முன்னால் சுண்ணாம்புக்கல் ஏற்றிய டிப்பர் லாரி ஒன்று. எந்த அறிவிப்பும் இல்லாமல் அது நின்றது. பெனிட்டா பிரேக்கை மிதித்தாள். இரும்பும் இரும்பும் உரசும் ஓர் ஓலம். கார் நடுங்கியது, இடப்பக்கம் இழுத்தது, பிறகு நின்றது.

லாரியின் பின்கதவில் ஒட்டியிருந்த கல்தூளில் யாரோ விரலால் ஒரு பூ வரைந்திருந்தார்கள். அந்தப் பூவுக்கு எத்தனை இதழ் என்று என்னால் இப்போதும் சொல்ல முடியும். அவ்வளவு கிட்டத்தில் நின்றோம்.

இதை எழுதும்போதும் என் வலது கால் தானாகத் தரையை அழுத்துகிறது. பக்கத்து இருக்கையில் பிரேக் கிடையாது என்று என் காலுக்கு இன்னும் யாரும் சொல்லவில்லை.

மெதுவாக உருட்டிக்கொண்டு பெரம்பலூருக்கே திரும்பினோம். அங்கே மெக்கானிக் ஒருவர் சக்கரத்துக்குள் டார்ச் அடித்துப் பார்த்தார். "பேடு சுத்தமா போயிடுச்சு சார். டிஸ்கும் தேஞ்சு பிளேடு மாதிரி ஆயிடுச்சு. ரெண்டு பக்கமும் மாத்தணும். அடுத்த வாரம் வியாழக்கிழமைக்கு மேல கொண்டாங்க, இப்ப கை நிறைய வேலை கெடக்கு" என்றார்.

அடுத்த வியாழக்கிழமை என்பது முடியாத காரியம். பெனிட்டா திங்கட்கிழமையே வேலையில் சேர வேண்டும்.

ஒரு பால் கம்பெனியில் கால்நடை மருத்துவர் வேலை. வேப்பந்தட்டையைச் சுற்றியுள்ள ஊர்களில் பால் ஊற்றுகிறவர்களின் மாடுகளைப் பார்த்துக்கொள்ள வேண்டும். சொந்தக் கார் இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. ஞாயிறு மாலை ஐந்து மணிக்குக் கம்பெனியின் சூப்பர்வைசர் வீட்டுக்கே வந்து வண்டியைப் பார்த்துக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார். வண்டி ஓடவில்லை என்றால் அந்த இடம் பட்டியலில் அடுத்து இருப்பவருக்கு. இதில் ஒளிவுமறைவு ஏதும் இல்லை. கடிதத்திலேயே எழுதியிருந்தார்கள்.

"நானே மாத்திடறேன்" என்றாள் பெனிட்டா. உதிரிபாகக் கடையில் புது டிஸ்குகளும் பேடுகளும் வாங்கினாள். "மாட்டு வயித்துக்குள்ள தோள் வரைக்கும் கைய வுட்டுக் கன்னு எடுக்கறேன். இது வெளிய தெரியற இரும்பு. இதப் போயி எடுக்க முடியாதா?"

அந்தச் சாலையில் தினமும் போகவர தொண்ணூறு கிலோமீட்டர். பாதி தூரத்துக்கு முன்னாலும் பின்னாலும் டிப்பர்கள். நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லவில்லை என்றால், பதினைந்து தடவைக்கு மேல் சொல்லவில்லை.

சம்மட்டியோடு ஒருவர்

பத்து மணிக்குள் மண்ணெண்ணெய் ஊற்றிப் பார்த்தோம். துரு எடுக்கும் ஸ்பிரே அடித்தோம். வெந்நீர் ஊற்றினோம். பெனிட்டா தன் ஸ்டெதஸ்கோப்பைக் கொண்டுவந்து தட்டின் மேல் வைத்து, பின்பக்கம் என்னைச் சுத்தியலால் தட்டச் சொன்னாள். "எந்த எடத்துல ஒட்டியிருக்குன்னு சத்தத்துல தெரியும்" என்றாள். நான் தட்டியதும் காதைப் பொத்திக்கொண்டு எழுந்தாள்.

"என்ன தெரிஞ்சுது?"

"நீங்க பயந்தவரு மாதிரி தட்டலன்னு தெரிஞ்சுது."

இந்தச் சத்தத்தில்தான் பக்கத்து வீட்டுக் கலியமூர்த்தி வந்தார். பந்தல் போடும் தொழில் செய்பவர். அன்று முகூர்த்தம் இல்லாததால் கை சும்மா இருந்தது. சும்மா இருக்கிற கலியமூர்த்தி ஆபத்தானவர்.

"என்னா சார், பூசை முடிஞ்சு வந்துமா மணி அடிச்சிக்கிட்டிருக்கீங்க?"

விஷயத்தைச் சொன்னோம். குனிந்து பார்த்தார். தட்டை ஒரு விரலால் சுண்டினார். தேங்காய் வாங்குகிறவர் மாதிரி காதைக் கிட்டே வைத்துக் கேட்டார்.

"இதுக்கு சம்மட்டிதான் சார். முளை அடிக்கிறது வூட்டுல கெடக்கு. ரெண்டே அடி."

"அண்ணே, பேரிங் போயிடும்."

"பேரிங் போவாத மாதிரி அடிக்கறேன் பாப்பா."

சம்மட்டியும் வந்தது, பந்தல் கயிறும் வந்தது. கயிற்றைத் தட்டில் சுற்றி முடிச்சுப் போட்டார். நானும் அவரும் இழுக்க வேண்டும், பெனிட்டா பின்னாலிருந்து கட்டை வைத்துத் தட்ட வேண்டும் என்று ஏற்பாடு.

"இருங்க இருங்க. சும்மா இழுக்கக் கூடாது" என்றாள் அவள். "மாடு முக்கும்போதுதான் கன்ன இழுக்கணும். அது நிறுத்துனா நாமளும் நிறுத்தணும்."

கலியமூர்த்தி காரை ஒரு பார்வை பார்த்தார். "இது முக்காது பாப்பா. இது நம்மளத்தான் முக்க வெக்கும்."

முக்கினோம். நான் உட்கார்ந்த இடத்திலேயே பின்னால் சாய்ந்து மல்லாந்து விழுந்தேன். கலியமூர்த்தி என் மேல் விழுந்தார். தட்டு அப்படியே இருந்தது. சிரிப்பு அடங்கப் பத்து நிமிடம் ஆயிற்று. அந்தப் பத்து நிமிடத்தில் காரைப் பற்றிய பயம் எனக்குக் கொஞ்சமும் இல்லை. இதை இங்கே குறிப்பிட்டுத்தான் ஆக வேண்டும்.

ஆய்வுக்கூடத்து வைத்தியம்

இங்கே என் தொழிலைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஒரு சிமெண்ட் ஆலையின் ஆய்வுக்கூடத்தில் நான் வேலை பார்க்கிறேன். சிமெண்டைச் சதுரக் கட்டிகளாக வார்த்து, தண்ணீரில் ஊறப்போட்டு, நாள் கணக்கு வைத்து எடுத்து, எந்திரத்தில் நசுக்கி, எத்தனை பாரத்தில் உடைகிறது என்று எழுதுவது வேலை. கட்டி உடைவதற்குச் சற்று முன்னால் ஒரு சின்ன முனகல் கேட்கும். புதிதாக வருகிறவர்களுக்கு அது கேட்காது. எனக்கு எந்திரம் நின்ற பிறகும் கேட்கும்.

எங்கள் கார் பல வருடமாக மூட்டை கட்டும் பகுதிக்கு எதிரே நிற்கிறது. மாலையில் வந்து பார்த்தால் திருநீறு பூசியது போல இருக்கும். புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் முதல் வாரம் ஒரு தவறு செய்வார்கள். தண்ணீர் ஊற்றிக் கழுவுவார்கள். தண்ணீர் பட்ட சிமெண்ட் என்ன செய்யும்? கண்ணாடியில் இறுகிக்கொள்ளும்.

பழகியவர்கள் புளித்தண்ணீர் வைத்திருப்போம். புளிப்பு சிமெண்டைத் தின்றுவிடும். எங்கள் ஆலைக்காரர்களின் வண்டி ஒவ்வொன்றிலும் ஒரு பழைய குளிர்பான பாட்டிலில் அது இருக்கும். தணிக்கைக்கு வந்த அதிகாரி ஒருவர் வெயில் தாங்காமல் அதை எடுத்துக் குடித்துவிட்டு, "கொஞ்சம் வெல்லம் போட்டிருக்கலாம்" என்று சொல்லிவிட்டுப் போனதும் உண்டு.

பதினொரு மணிக்கு எனக்கு இது நினைவு வந்தது. தட்டின் நடுப்பகுதியில், சக்கரம் மாட்டும் முளைகளுக்கு இடையே, சாம்பல் நிறத்தில் ஒரு படலம் கெட்டியாகப் படிந்திருந்தது. துரு என்று எல்லோரும் நினைத்தோம். எனக்கு அந்த நிறம் தெரியும். எத்தனை மழையில் நனைந்து, எத்தனை வெயிலில் காய்ந்து இறுகிய சிமெண்ட் அது!

"இது என் டிபார்ட்மெண்ட்" என்றேன். "யாரும் தொடாதீங்க."

பெனிட்டாவின் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. சிமெண்ட் என்றால் எங்கள் வீட்டில் என் சொல்லுக்கு மறுசொல் கிடையாது. எலுமிச்சை அளவு புளியைக் கெட்டியாகக் கரைத்து, பழைய வேட்டித் துணியை நனைத்து, தட்டின் நடுவில் பற்றுப் போட்டேன். அவள் கை கழுவக் குழாயடிக்குப் போனாள். கலியமூர்த்தி இன்னொரு கட்டை தேடி வீட்டுக்குப் போனார்.

அந்த நேரத்தில் என் மனைவி ஸ்டெல்லாவின் போன். தங்கை மகளுக்குக் கோயிலில் புதுநன்மைச் சடங்கு என்று வரதராசன்பேட்டைக்குப் போயிருந்தாள்.

"வண்டி ஆச்சா?"

"ஊறுது."

"என்னது ஊறுது?"

"பிரேக்குதான்."

அந்தப் பக்கம் கோயில் மைக் அலறிக்கொண்டிருந்தது. "பிரேக்கையா ஊறப் போட்டிருக்கீங்க? நான் சாயந்தரம் வந்து வதக்கிக்கறேன்" என்று வைத்துவிட்டாள்.

பதினொன்றே கால்

இனி எழுதப்போவதை ஸ்டெல்லா இந்தப் பத்திரிகையில்தான் முதலில் படிக்கப்போகிறாள். பரவாயில்லை.

துணியை எடுத்துப் பார்த்தேன். சாம்பல் படலம் குழம்பாகி வழிந்தது. அடியில் இரும்பு தெரிந்தது. முளைகளுக்கு நடுவே, ஒன்றுக்கொன்று எதிரெதிராக, இரண்டு சின்ன வட்டங்கள். ஒவ்வொன்றின் நடுவிலும் சிலுவை மாதிரி ஒரு வெட்டு.

திருகுகள்.

தட்டை அடியோடு சேர்த்துப் பிடித்திருந்தவை அந்த இரண்டு திருகுகள்தான். அவற்றைக் கழற்றாமல் சம்மட்டியல்ல, ஆலையின் பெரிய கிரஷரையே கொண்டுவந்தாலும் தட்டு வராது. பெனிட்டா பார்த்த வீடியோ வேறு மாடல் காருடையது. அதில் திருகு இல்லை.

நான் ஒரு சத்தம் போட்டிருந்தால் போதும். "இங்க வா பாப்பா" என்று கூப்பிட்டிருந்தால் பன்னிரண்டு மணிக்குள் வேலை முடிந்திருக்கும்.

எனக்கு அந்த லாரியின் பூ தெரிந்தது. இதழ்கள் தெரிந்தன.

நான் துணியை மறுபடி வைத்து அழுத்தினேன். அதன் மேல் கிரீஸை அள்ளி அப்பினேன்.

பெனிட்டா கை துடைத்துக்கொண்டு வந்தாள். "எப்படியிருக்குப்பா?"

"ஊறணும். இன்னும் நல்லா ஊறணும்."

"எவ்வளவு நேரம்?"

"சிமெண்டும்மா. சாதாரணமா நெனைக்காத."

இதைச் சொல்லும்போது என் குரல் ஆய்வுக்கூடத்தில் வருவது போலத் தெளிவாக வந்தது. அதுதான் எனக்கு இன்னும் ஆச்சரியம். பல்லி விழுந்தால் திக்குகிற எனக்கு, பொய் சொல்லும்போது மட்டும் திக்கவில்லை.

சாப்பிடாத மதியம்

அதற்குப் பிறகு மூன்றரை மணி நேரம் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கலியமூர்த்தி அடித்தார். கட்டை உடைந்தது. இன்னொரு கட்டை வந்தது. அதுவும் உடைந்தது. எதிர்வீட்டு நாய் தெருவைவிட்டே போய்விட்டது. ஒவ்வொரு அடிக்கும் தட்டு தேவாலய மணிபோல 'டங்' என்று பாடியது. பெனிட்டா வலப்பக்கச் சக்கரத்தையும் கழற்றிப் பார்த்தாள். அங்கேயும் அதே சாம்பல், அதே பிடிவாதம். நான் ஓடிப்போய் அதற்கும் புளி கரைத்துப் பற்றுப் போட்டேன். அவ்வளவு சுறுசுறுப்பாக நான் வேலை செய்து யாரும் பார்த்ததில்லை.

"சார் கவலையே இல்லாம சிரிச்ச மொகமா இருக்காரு இன்னிக்கு" என்றார் கலியமூர்த்தி.

இரண்டு மணிக்குப் பெனிட்டா பேசுவதை நிறுத்தினாள். நெற்றியில் கிரீஸ். முழங்கை தோல் உரிந்திருந்தது. மாட்டுத் தொழுவத்தில் அவள் வேலை செய்வதை ஒருமுறை பார்த்திருக்கிறேன். மாடு எத்தனை உதைத்தாலும் அதனோடு பேசிக்கொண்டே இருப்பாள். அன்று காரோடும் காலையிலிருந்து பேசிக்கொண்டேதான் இருந்தாள். "வா கண்ணு", "இன்னும் கொஞ்சம் தங்கம்" என்றெல்லாம். அது நின்றுவிட்டது.

இரண்டே முக்காலுக்கு எழுந்துபோய்க் கை கழுவினாள். போனை எடுத்தாள். சூப்பர்வைசரைத்தான் கூப்பிடுகிறாள் என்று நான் புரிந்துகொள்வதற்குள் பேச ஆரம்பித்துவிட்டாள்.

"மேடம், வணக்கம். நான் பெனிட்டா. நீங்க அவ்வளவு தூரம் வந்து அலைய வேணாம்னு சொல்லத்தான் கூப்பிட்டேன் மேடம். வண்டி... எங்கப்பாவும் காலையிலேருந்து சாப்பிடாம எனக்காக..."

அதற்கு மேல் என்னால் கேட்க முடியவில்லை.

"திருகு இருக்கு!" என்று கத்தினேன். "ரெண்டு திருகு இருக்கு பாப்பா! துணிக்கு அடியில!"

பெனிட்டா என்னைப் பார்த்தாள். போனைக் காதிலிருந்து எடுக்காமலே துணியைப் பிய்த்து எறிந்தாள். குனிந்து பார்த்தாள். நிமிர்ந்தாள்.

"மேடம், இல்ல, வாங்க. அஞ்சு மணிக்கே வாங்க" என்று வைத்தாள்.

பிறகு என்னிடம் கேட்டாள். "எப்பப்பா பாத்தீங்க?"

"பதினொண்ணேகால் இருக்கும்."

கலியமூர்த்தி சம்மட்டியைக் கீழே வைத்தார். "சார், அப்ப பதினொண்ணேகாலுக்கு அப்பறம் நான் அடிச்சதெல்லாம்?"

நான் தரையில் கிடந்த நட்டுகளைப் பொறுக்க ஆரம்பித்தேன்.

"தோள்பட்டை கழண்டுடுச்சு சார் எனக்கு. தட்டுதான் கழலல." அப்படியே சம்மட்டி மேல் உட்கார்ந்துவிட்டார். கோபத்தில் என்றுதான் நினைத்தேன். தோள் குலுங்கியது. சிரிக்கிறார். கண்ணில் தண்ணீர் வரச் சிரிக்கிறார்.

பெனிட்டா சிரிக்கவில்லை. "பயமா இருக்கு, போவாதன்னு சொல்லியிருக்கலாம்ல?"

"தெனமும் சொல்றேனேம்மா."

"பல்லிக்கும் அதத்தான் சொல்றீங்க. லிஃப்டுக்கும் அதத்தான் சொல்றீங்க. பிரேக்குல மூணு மாசமா கிறீச்சுங்குது, பயமா இருக்குன்னு சொன்னீங்க. நீங்க சொன்னதுன்னு நான் கண்டுக்கவே இல்ல. எதுக்கு நெசமாவே பயப்படறீங்கன்னு எனக்கு எப்படிப்பா தெரியும்?"

எனக்கு அழுகை வந்தது. கையெல்லாம் கிரீஸும் புளியுமாக இருந்ததால் கண்ணைத் துடைக்க வழியில்லை. துடைத்தேன். புளி கண்ணில் பட்டு நான் போட்ட கூச்சலில் அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. வெகுநேரம் அடக்கி வைத்த சிரிப்பு. குழாயடிக்கு என்னைத் தள்ளிக்கொண்டு போய், கண்ணில் தண்ணீர் அடித்துக்கொண்டே சிரித்தாள். "அசையாம நில்லுங்க, அசையாம நில்லுங்க" என்று மாட்டுக்குச் சொல்வது போலவே சொன்னாள்.

முக்கியது

முதல் திருகு, திருப்புளியை வைத்துத் தலையில் நாலு போடு போட்டதும் இளகி வந்தது. இரண்டாவதின் தலை வழுக்கிவிட்டது. பெனிட்டா உளியின் முனையை அதன் ஓரத்தில் சாய்த்து வைத்து, சுத்தியலால் மெல்ல மெல்லத் தட்டித் திருப்பினாள். இந்தத் தடவை நான் நிமிடங்களை எண்ணவில்லை. ஜாக்கியின் பக்கத்திலேயே உட்கார்ந்து விளக்குப் பிடித்தேன்.

திருகுகள் வந்த பிறகும் தட்டு துருவில் ஒட்டிக்கொண்டுதான் இருந்தது. பெனிட்டா கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவினாள். "இன்னும் ரெண்டு ஓட்டை இருக்குப்பா. உள்ள மரை தட்டுப்படுது."

அவற்றிலும் சிமெண்ட் அடைத்திருந்தது. நான் ஆணியாலும் புளித்தண்ணீராலும் சுரண்டி எடுத்தேன். ஏர்கிளீனர் மூடியிலிருந்து இரண்டு போல்ட்டுகளைக் கழற்றி மாட்டிப் பார்த்தாள். குட்டையாக இருந்தன. கலியமூர்த்தி ஓடிப்போய்ப் பந்தல் சாமான் பெட்டியைக் கவிழ்த்து, சரியான மரையில் இரண்டு நீளமான போல்ட்டுகளைத் தேடிக்கொண்டு வந்தார். அவை உள்ளே போகப் போக, பின்னால் இருக்கும் இரும்பில் முட்டித் தட்டை வெளியே தள்ளும். இடதில் அரைச் சுற்று, வலதில் அரைச் சுற்று.

தட்டுக்குள்ளிருந்து ஒரு முனகல் கேட்டது. எனக்குத் தெரிந்த முனகல்.

"வரப்போவுது" என்றேன்.

"முக்குது பாப்பா!" என்றார் கலியமூர்த்தி. "நெசமாவே முக்குது!"

'டணார்' என்று ஒரு சத்தம். தட்டு கழன்று கலியமூர்த்தியின் மடியில் விழுந்தது. அவர் அதைப் பிறந்த குழந்தை மாதிரி இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்தார். "கன்னு போட்டுருச்சு சார்!"

தெருவில் போன யாரோ சைக்கிளை நிறுத்தி, "எங்க, எந்த வூட்டுல?" என்று கேட்டார்.

வலப்பக்கம் இருபது நிமிடத்தில் முடிந்தது. புது டிஸ்க், புது பேடு, காலிப்பர், சக்கரம். நட்டுகளை நான் இறுக்கினேன். பிறகு பெனிட்டா இறுக்கினாள். பிறகு அவள் பார்க்காதபோது நான் இன்னொரு தடவை இறுக்கினேன். பிரேக்கைப் பலமுறை மிதித்துக் கெட்டிப்படுத்தினாள். ஆட்டுக்கல்லை உருட்டி எடுத்தோம்.

"ஏறுங்கப்பா" என்றாள்.

நான் ஏறினேன். ரயில்வே ஸ்டேஷன் ரோட்டில் ஆள் இல்லாத இடமாகப் பார்த்து மெதுவாக ஓட்டி மிதித்தாள். நின்றது. கொஞ்சம் வேகமாக ஓட்டி மிதித்தாள். நின்றது. சத்தமில்லாமல், நேராக, ஒரு பக்கமும் இழுக்காமல் நின்றது. என் வலது காலும் கூடவே மிதித்தது.

"நெசமாவே எதுக்குப் பயம்னு இப்ப சொல்லுங்க" என்றாள், ரோட்டைப் பார்த்தபடியே.

"லாரிக்கு" என்றேன். "மத்ததெல்லாம் சும்மா."

தலையாட்டினாள். "லாரிக்குப் பின்னாடி எப்பவும் ரெண்டு வண்டி தூரம் வுட்டுத்தான் போவேன். போனதும் ஒரு போன், கெளம்பறப்ப ஒரு போன். சரியா?"

சரி என்று சொன்னேன். என் குரல் திக்கியது.

ஐந்து பத்துக்கு

ஐந்து மணி பத்து நிமிடத்துக்கு ஒரு ஸ்கூட்டர் வந்து நின்றது. வந்தவருக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். ஹெல்மெட்டைக் கழற்றியதும் முகத்தில் பாதி தூசு, பாதி சுத்தம். பால் கம்பெனி சூப்பர்வைசர் செல்வராணி. பெரம்பலூரிலிருந்து அந்த டிப்பர்களின் ஊடேதான் ஸ்கூட்டரில் வந்திருக்கிறார்.

காரைச் சுற்றி வந்தார். தரையில் கிடந்த உடைந்த கட்டைகள், கயிறு, சம்மட்டி, பழைய தட்டுகள், புளிச்சக்கை எல்லாவற்றையும் பார்த்தார். "என்ன டாக்டர், எந்த மெக்கானிக்கு இவ்வளவு கலீஜ் பண்ணினது?"

பெனிட்டா மறைக்கவில்லை. ஒன்பது பதினேழிலிருந்து பதினொன்றே கால் வழியாக இரண்டே முக்கால் வரை எல்லாவற்றையும் சொன்னாள். கிரீஸ் அப்பியதைச் சொல்லும்போது கலியமூர்த்தி நடித்தே காட்டினார். நான் பழைய தட்டில் ஏதோ ஆராய்ச்சி செய்வது போலக் குனிந்துகொண்டேன்.

செல்வராணி சிரிக்கவில்லை. வண்டிக்குள் உட்கார்ந்து, பிரேக்கை இரண்டு முறை மிதித்துப் பார்த்தார். இறங்கினார். ஸ்கூட்டர் சீட்டில் காகிதத்தை வைத்துக் கையெழுத்துப் போட்டார். ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

"நான் வேலைக்குச் சேர்ந்த அன்னிக்கு எங்கப்பா இந்த ஸ்கூட்டர் சாவியத் தூக்கிக் கெணத்துல போட்டுட்டாரு சார். மோட்டார் போட்டு இடுப்பளவுக்குத் தண்ணிய எறச்சு, நானே எறங்கி எடுத்துக்கிட்டு வேலைக்கு வந்தேன். நீங்க ரெண்டு திருகத்தான மறைச்சீங்க, பரவால்ல. காலையில ஏழு மணிக்கெல்லாம் டாக்டர அனுப்பிடுங்க."